அங்காயியின் கையெழுத்து

அத்தியாயம் 14

அந்த வெள்ளிக்கிழமை காலை பதுளை நகரம் முழுவதும் பனிமூட்டத்துக்குள் கிடந்தது.

தனபாக்கியம் குசினி ஜன்னலைத் திறந்தபோது, நமுனுகுல மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் நின்றால் அதற்குள்ளிருந்து குட்டி ரயில் வரும். இரண்டே இரண்டு பெட்டிகள். ஜன்னல்களில் மஞ்சள் வெளிச்சம். பசறைப் பக்கத்திலிருந்து தேயிலைச் சரிவுகளைச் சுற்றிச் சுற்றி இறங்கி, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்களை இறக்கி, கடைவீதியைத் தாண்டி, பெரிய ஸ்டேஷனில் போய் மெதுவாக நிற்கும். அந்த ரயிலின் மணிச்சத்தம்கூட அவளுக்குத் தெரியும். இன்னும் யாருமே செய்யாத ஒரு மணியின் சத்தம்.

மூன்று வருடங்களாக இதே கனவுதான். முதலில் அவள் ஒருத்தியுடையதாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்யும் ஆசிரியைகள் கேட்டார்கள், புடவைக் கடை ஹுமைத் ஹாஜியார் கேட்டார், தோட்டத்து லய வீடுகளில் இருந்தவர்கள் கேட்டார்கள். இப்போது அதற்குப் பெயர் பதுளை நகர இலகு ரயில் கோரிக்கைக் குழு. ஹாஜியார் தலைவர், அவள் செயலாளர். ஐயாயிரம் பேர் கையெழுத்து வைத்த மகஜர் வந்தால் பாதையை அளந்து பார்க்க ஆள் அனுப்புகிறோம் என்று கொழும்பில் சொல்லியிருந்தார்கள். எட்டு மாதம் அலைந்து ஐயாயிரத்து இருபத்தாறு சேர்த்தாயிற்று. இன்று பிற்பகல் இரண்டு மணிக்கு நகர மண்டபத்தில், ஆய்வுக் குழுவின் முன்னால் அதைக் கையளிக்க வேண்டும்.

வீட்டுக்குள் இன்னொரு கடிதமும் இருந்தது. அதைப் பற்றி அவளும் கணவரும் நான்கு நாட்களாகப் பேசவில்லை.

கணவர் கனகசபை அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். பிறப்பு இறப்புப் பதிவுகள் எல்லாம் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகும். ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். யுத்த நாட்களில் பன்னிரண்டு வருடம் அம்மாவைப் பார்க்க முடியாமல் இருந்தவர். பாதை திறந்தபிறகு ஒரு முறை போய் வந்தார். தனியாக இருக்கும் அம்மா யோகம்மா மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். திரும்பி வந்ததும் இடமாற்றத்துக்கு எழுதிப் போட்டார். அது கிடைத்துவிட்டது என்பதுதான் அந்தக் கடிதம். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். 'நான் வருகிறேன்' என்று தனபாக்கியம் சொல்லவும் இல்லை, 'வரமாட்டேன்' என்று சொல்லவும் இல்லை.

தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"இண்டைக்கு லீவு எடுக்கேலாது, பாக்கியம். பின்னேரம் நேரம் கிடைச்சா வந்து எட்டிப் பாக்கிறன்."

"பரவாயில்லைங்க. போன ஞாயித்துக்கெழம பூரா உக்காந்து பக்கத்துக்கெல்லாம் நம்பர் போட்டுக் குடுத்தீங்களே, அதுவே போதும்."

அவர் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வேலைக்குப் போகும்போது குடையை மறந்துவிட்டுப் போனார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை.

*

பத்து மணிக்கு அவள் ஹாஜியாருடைய கடைக்குப் போனபோது அப்பா அங்கே முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்.

வீரமலைக்கு எழுபது வயது. நமுனுகுலத் தோட்டத்து லயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, மேலே யாரோ எப்போதோ கொடுத்த கறுப்புக் கோட்டு. ரயிலைப் பற்றிப் பேச வந்திருக்கிற பெரிய மனிதர்களை நேரில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம்.

"நம்ம லயத்துக்குக் கீழ நிக்குமா தாயி, இல்ல பசறையோட நின்னுருமா?"

"இப்போதைக்கு பசறை வரைக்கும்தான்ப்பா கேக்குறோம்."

"சரி, பசறை வந்தா போதும். அங்குட்டு நடந்துக்கலாம்."

சேலைக் கட்டுகளுக்கு நடுவே மேசையில் மகஜர் கிடந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள். கூட்டத்தில் ஒரு லயத்து ஆட்களின் பெயர்களை மட்டும் வாசித்துக் காட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்து, நமுனுகுலத் தாள்களைத் தேடி எடுத்தாள். அப்பாவின் கையில் கொடுத்தனுப்பி, அப்பா நிரப்பி வாங்கிவந்த தாள்கள். எண்ணிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு பெயராக வாசித்ததில்லை.

முதல் வரியில் வீரமலை. முதியோர் வகுப்பில் அவளே கற்றுக்கொடுத்த கோணல் எழுத்து.

இரண்டாவது வரியில் அங்காயி.

கடைக்கு வெளியே பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது எங்கோ பள்ளத்தாக்குக்கு அப்பால் போவதுபோல் அவளுக்குக் கேட்டது. அம்மா இறந்து நான்கு வருடம். மூச்சு முட்டுகிறது என்று தோட்டத்து லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பாதையில் மண் சரிந்திருந்தது. மூன்று மணி நேரம் நின்ற லொறி மறுபடி நகர்ந்து, பதுளை டவுன் கண்ணுக்குத் தெரிகிற வளைவுக்கு வந்தபோது அம்மா இல்லை.

"அப்பா," என்றாள் மெதுவாக. "இது என்னப்பா?"

வீரமலை எட்டிப் பார்த்தார். ஒளிக்கவில்லை.

"ஒங்கம்மா பேரு. எனக்கு எழுதத் தெரிஞ்சது ரெண்டு பேருதானே."

"அம்மா இல்லையேப்பா."

"அது எனக்குத் தெரியாதா தாயி? காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற பெரட்டுல நின்னா எம் பேரக் கூப்புட்டு, அடுத்தது அவ பேரத்தான் கூப்புடுவாங்க. முப்பத்தேழு வருசம். அவளக் கூப்புடாம நான் மட்டும் போயி எப்புடி நிக்கிறது?"

தனபாக்கியம் அடுத்த தாளைப் புரட்டினாள். பிறகு அடுத்தது.

"நான் எழுதுறதப் பாத்துட்டு பக்கத்து வீட்டுக் காம்பராக்காரன் அவன் மகன் பேர எழுதச் சொன்னான். பாம்பு கடிச்சு பாதையிலயே போச்சே, அந்தப் புள்ள. அப்பறம் ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க வீட்டுப் பேரச் சொன்னாங்க. நம்ம கணக்கப்புள்ள மகதான் உக்காந்து எழுதிக் குடுத்துச்சு. யாரும் ஏமாத்தணும்னு செய்யல. இந்த ரயில மொத கேட்டிருக்க வேண்டியவங்க அவங்கதானே?"

மேசைக்கு அந்தப் பக்கம் ஹுமைத் ஹாஜியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். அளவுகோலைக் கீழே வைத்தார்.

"எத்தன பேரு டீச்சர்?"

அவள் எண்ணினாள். "நாப்பத்து மூணு."

"அத வெட்டினா ஐயாயிரத்துக்குக் கொறையும்."

"ஆமாங்க ஹாஜியார். பதினேழு கொறையும்."

"அப்ப உடுங்க. ஐயாயிரம் பேருட பேர உக்காந்து யாரு வாசிக்கப் போற? மவுத்தானவங்கட பேர்ல நாம காணியா எழுதி எடுக்கிற? ஒரு ரயிலத்தானே கேக்கிற. எட்டு மாசம், டீச்சர். வெயில் மழைன்னு பாக்காம அலஞ்ச எட்டு மாசம்."

அவள் பேனாவை எடுத்தாள். அம்மாவின் பெயருக்கு மேலே பிடித்துக்கொண்டே இருந்தாள். கோடு போடக் கை இறங்கவில்லை. அப்படியே விட்டுவிடவும் மனம் வரவில்லை. கடைசியில் அந்தத் தாள்களை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கட்டைக் கட்டினாள்.

வீரமலை அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் தப்பு பண்ணிட்டனா தாயி?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள்.

*

நகர மண்டபத்தில் நாற்காலிகள் போதவில்லை. தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். கடைக்காரர்கள், ஆஸ்பத்திரித் தாதிகள், சீருடையோடு வந்த பள்ளிப் பிள்ளைகள். சுவரில் குழு வரைந்த வரைபடம் தொங்கியது. பதுளையிலிருந்து பசறைவரை ஒரு சிவப்புக் கோடு. ஜன்னல் வழியே மூட்டம் உள்ளே வந்து அந்தக் கோட்டுக்கு மேலாக மிதப்பதுபோல் இருந்தது. தனபாக்கியத்துக்கு ஒரு கணம் எல்லாருமே ரயிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிற பயணிகளாகத் தெரிந்தார்கள்.

ஆய்வுக் குழுவின் தலைவி நடுவயதுக்காரர். கண்டிச் சேலை, வெள்ளி ஃபிரேம் கண்ணாடி. சிங்களத்தில் பேசினார். பக்கத்தில் இருந்த இளைஞர் தமிழில் சொன்னார்.

ஹாஜியாரும் தனபாக்கியமும் கட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தார்கள். கைதட்டல் எழுந்தது. தலைவி கட்டை அவிழ்க்கவில்லை. தன்னுடைய கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தனபாக்கியத்திடம் நீட்டினார்.

"நேற்று எங்களுக்கு ஒரு கடிதம் கிடைத்தது. பெயர் இல்லை. உங்கள் மகஜரில் இறந்தவர்களின் பெயர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். இது அதன் போட்டோப் பிரதி. வாசித்துவிட்டு உங்கள் பதிலைச் சொல்லுங்கள்."

சுவரோரமாக நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தனபாக்கியம் வாசிக்கத் தொடங்கினாள். முதல் வரியை முடிக்கவில்லை. அவளுக்கு வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. ழகரத்தின் வால் கீழே இறங்கி, ஒரு சின்னக் கொக்கிபோல இடப்பக்கம் திரும்பியிருந்தது. பதினொரு வருடமாகச் சாப்பாட்டு மேசையில் அவளுக்காக வைக்கப்பட்ட துண்டுத் தாள்களில் பார்த்த ழகரம். 'மழை வரும், குடை கொண்டு போகவும்.' 'வாழைப்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.'

தாள் கையில் இருந்தது. கை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. தான் மட்டும் மெதுவாக எங்கோ நகர்ந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

கடிதம் நேர்த்தியாக இருந்தது. கனகசபை எழுதினால் அப்படித்தான் இருக்கும். இலக்கம், பெயர், இறந்த திகதி, இறந்த இடம், மகஜரில் எத்தனையாவது பக்கம் என்று நிரல் போட்டிருந்தார். அவள் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினாள். பாம்பு கடித்த பிள்ளை இருந்தான். கணக்கப்பிள்ளையின் மனைவி இருந்தாள். கடைசி இலக்கம் நாற்பத்திரண்டு.

மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். அங்காயி இல்லை.

நாற்பத்திரண்டு பேரைத் தேடிக் கண்டுபிடித்தவர், முதல் தாளின் இரண்டாவது வரியில் இருந்த பெயரை மட்டும் விட்டுவிட்டார்.

"என்ன டீச்சர்?" என்று ஹாஜியார் காதருகே கேட்டார். "பொய்யின்னு சொல்லிடுங்க."

தனபாக்கியம் நிமிர்ந்தாள். மூன்றாவது வரிசையில் அப்பா கோட்டுப் பொத்தான்களைப் போட்டபடி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கடிதத்துல இருக்கிறது உண்மைங்க," என்றாள் அவள். "எனக்கு இன்னைக்குக் காலையிலதான் தெரியும். தெரிஞ்ச பிறகும் அந்தத் தாளுங்கள நான் எடுக்கல. அது என்னோட தப்பு. ஆனா இதுல ஒரு பேரு கொறையுது. அங்காயி. எங்க அம்மா. மேல இருக்கிற மொதத் தாள்ல இருக்காங்க. அதையும் சேத்து எழுதிக்கங்க. நாப்பத்து மூணு."

மொழிபெயர்க்கிற இளைஞர் அதைச் சிங்களத்தில் சொன்னார். தலைவி பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

பின்வரிசையிலிருந்து யாரோ, "செத்தவங்க எல்லாம் ரயில்ல போகப் போறாங்களாம்," என்றார். சிலர் சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இத எழுதினவங்க ரொம்ப சரியா எழுதியிருக்காங்க. எந்த எடத்துல எறந்தாங்கன்னும் எழுதியிருக்காங்க. அத மட்டும் நான் வாசிக்கலாங்களா?"

தலைவி தலையசைத்தார்.

அவள் வாசித்தாள். பெயரையும் இடத்தையும் மட்டும். சிலர் வீட்டில் இறந்திருந்தார்கள். சிலர் ஆஸ்பத்திரியில். ஆனால் நிரலில் திரும்பத் திரும்ப ஒரே சொற்கள் வந்தன. வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் வழியில். வைத்தியசாலைக்குக் கொண்டுவரும் வழியில். அவள் முடித்தபோது அந்தச் சொற்கள் பத்தொன்பது முறை வந்திருந்தன. இருபதாவதாக, எழுதப்படாத அம்மாவின் வரியையும் சொன்னாள்.

ஜன்னலுக்கு வெளியே மலை இன்னும் தெரியவில்லை. அந்த வெண்மைக்குள் எங்கோ ஒரு வளைவில் லொறி ஒன்று நின்றுகொண்டே இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது.

தலைவி பக்கத்தில் இருந்தவர்களோடு நீண்ட நேரம் பேசினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"இறந்தவர்களின் பெயரைக் கையெழுத்தாக எடுக்க முடியாது. இவை உள்ளே வந்துவிட்டதால் மற்றவற்றையும் அப்படியே எடுக்க முடியாது. எல்லாப் பெயர்களையும் திரும்பச் சரிபார்த்து, ஐயாயிரத்தை நிரப்பி, மூன்று வாரத்துக்குள் கொண்டு வாருங்கள். அதற்குமேல் ஒரு நாளும் தர முடியாது. ஆனால் இந்தக் கடிதத்தை நான் தூக்கிப் போடப் போவதில்லை. இந்தப் பாதையைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த ஆவணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும்."

கட்டு அவர்கள் கைக்கே திரும்பி வந்தது. ஹாஜியார் அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். வாசல்வரை வந்த பிறகுதான், "என்ட கடைப் பக்கத்தால ஆயிரம் பேர நான் பாத்துக் கொள்றன். நீங்க மேல் தோட்டங்கள எடுங்க," என்றார்.

*

மழை தூறத் தொடங்கியிருந்தது. மண்டபத்துப் படிகளுக்குக் கீழே, குடை இல்லாமல் கனகசபை நின்றிருந்தார். சட்டை தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

தனபாக்கியம் அப்பாவை அதற்கு முன்பே பஸ் நிலையத்துக்கு அனுப்பியிருந்தாள். நமுனுகுல பஸ் ஐந்து மணிக்கு.

"உள்ள வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"கதவடியில நிண்டு கேட்டனான்."

அவள் போட்டோப் பிரதியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நான்தான்," என்றார். "நீர் கண்டுபிடிப்பீர் எண்டு தெரியும். தட்டெழுத்தில அடிச்சிருக்கலாம். ஏனோ கையாலதான் எழுதினன்."

தெருவில் ஆட்கள் அவர்களைத் தாண்டிப் போனார்கள். கோயில் பக்கமிருந்து மணிச்சத்தம் வந்து, மழைக்குள் கரைந்தது.

"ஏங்க?"

"பத்தொன்பது வருசம் பதிவேட்டோட இருக்கிறன். செத்த ஆக்களிட பேரில மகஜர் போறது சரியில்ல எண்டு நினைச்சன். அது உண்மை." கொஞ்சம் நிறுத்தினார். "இது நிண்டுபோனா நீர் என்னோட சுன்னாகத்துக்கு வருவீர் எண்டும் நினைச்சன். அதுவும் உண்மைதான். எது கூடுதல் எண்டு எனக்கே தெரியேல்ல, பாக்கியம்."

அவள் அழவில்லை. அழுகை எங்கோ தொலைவில், மலைக்கு அப்பால் பெய்கிற மழைபோல் இருந்தது. இங்கே வர இன்னும் நேரம் எடுக்கும்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நானே வெட்டியிருப்பேனே."

"சொல்லியிருக்கலாம்."

"அம்மா பேர மட்டும் ஏன் விட்டீங்க?"

கனகசபை நனைந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இன்னும் மோசமாக மங்கியது.

"மாமி செத்த அண்டைக்கு அந்தப் பதிவை நான்தானே எழுதினனான். மாமா பக்கத்தில இருந்தவர். 'வழியில' எண்டு எழுதேக்க என்ர கையைப் பிடிச்சவர். ரெண்டாந்தரம் அதை எழுதக் கை வரேல்ல."

அவள் அவரைப் பார்த்தாள். பதினொரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட ஆள். இன்று அவர் பனிமூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவர்போலத் தெரிந்தார். உருவம் தெரிகிறது, முகம் சரியாகத் தெரியவில்லை.

"நான் அப்பாவோட தோட்டத்துக்குப் போறேன்," என்றாள். "நாளையில இருந்து ஒவ்வொரு லயமா போயி பேரு சரிபாக்கணும். எப்ப வருவேன்னு தெரியாது."

"நானும் வரட்டோ?"

"அது உங்க இஷ்டம். ஆனா அப்பாகிட்ட சொல்லாம அவரு பக்கத்துல உக்காராதீங்க."

அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

பஸ் பாதி நிரம்பியிருந்தது. வீரமலை ஜன்னலோரத்தில் இருந்தார். அவருடைய மடியில் ஹாஜியார் கொடுத்தனுப்பிய மகஜர்த் தாள்களில் ஒரு பகுதி, நனையாமல் பொலித்தீனில் சுற்றி. தனபாக்கியம் எதிர்ப்பக்க இருக்கையில் உட்கார்ந்தாள். கண்ணாடி முழுக்க ஈரம். வெளியே கடை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கி, மஞ்சள் ஜன்னல்கள்போல வரிசையாக நின்றன.

"பேர வெட்டினதுல எனக்கு வருத்தமில்ல தாயி," என்றார் அவர். "எல்லாரு முன்னாடியும் ஒங்கம்மா பேரச் சொன்ன பாரு. பெரட்டுக்கு அப்பறம் இன்னைக்குத்தான் யாரோ கூப்புட்டாங்க."

அவள் கண்ணாடியின் ஈரத்தை விரலால் துடைத்தாள்.

எஞ்சின் உறுமியது. நகரத் தொடங்கிய பஸ்ஸின் பின்கதவில் யாரோ ஓடிவந்து ஏறினார்கள். கனகசபை மூச்சு வாங்க, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் வந்தார். மாமனாருடைய இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். இடம் இருந்தும் உட்காரவில்லை.

"மாப்புளயா, வாங்க வாங்க." வீரமலையின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் ஒங்கள நெனச்சேன். நீங்க படிச்சவங்க, ஆபீசுல இருக்கிறவங்க. அந்தக் கடுதாசி யாரு எழுத்துன்னு கொஞ்சம் பாத்துக் கண்டுபுடிச்சுச் சொல்லுவீங்களா? சண்ட புடிக்க இல்ல. ஒங்க அத்த பேர ஏன் விட்டாங்கன்னு மட்டும் கேக்கணும்."

பஸ் முதல் வளைவில் திரும்பியது. கனகசபை மேலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு முறை தனபாக்கியத்தைப் பார்த்தார்.

"கண்டுபிடிக்கத் தேவையில்ல மாமா," என்றார். "அதைச் சொல்லத்தான் நானும் வாறன்."

வீரமலை ஒன்றும் புரியாமல் சிரித்தபடி, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, அவருக்காக இன்னும் ஜன்னலோடு ஒதுங்கி உட்கார்ந்தார்.